கவசமா? நுகத்தடியா?

கர்ணன் பிறக்கும்போதே கவசத்தோடு பிறந்தான் என்பது புராணிகர் கட்டிவிட்ட கதை. கேட்டோம், சிரித்தோம், விட்டுவிட்டோம். இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட கவசம் கதையன்று. ஆலையிலே உருவாக்கி, திருகாணி முடுக்கி, வாரும் பட்டையும் வைத்துத் தைத்து, தொழிலாளியின் முதுகிலும் தோளிலும் தொடையிலும் மாட்டிவிடுகிற கவசம் இது. அணிந்தால் பளு தெரியாது என்கிறார்கள். இடுப்பு ஒடியாது என்கிறார்கள். நடக்க முடியாதவன்கூட எழுந்து நடப்பான் என்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் பளுவைப் பற்றிப் பளு தூக்காதவன் பேசும்போது, நாம் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு எக்ஸோஸ்கெலிடன் என்று பெயர். வாயில் நுழையாத பெயர், பொருளோ எளிது. நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு வெளியே, சதை உள்ளே. மனிதனுக்கும் நண்டைப்போல வெளியிலே ஒரு கூடு செய்து மாட்டினால் என்ன என்ற யோசனையில் பிறந்தது இந்தக் கருவி. இயந்திரக் கவசம் என்றே இங்கே குறிப்பிடுகிறோம். இதில் இரண்டு சாதி உண்டு. மின்கலமும் மோட்டாரும் வைத்துத் தானே விசை தருவது ஒன்று. வெறும் வில்லும் பட்டையும் வைத்து, நாம் குனியும்போது இழுபட்டு, நிமிரும்போது அந்த இழுப்பைத் திருப்பித் தருவது மற்றொன்று. ஆலைகளுக்குள் அதிகம் புகுந்திருப்பது இரண்டாவது சாதி. மலிவு, கனம் குறைவு, பழுதும் குறைவு.

"இது வந்தால் நமக்கு நல்லதா, கெடுதலா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லலாம். சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம், பொறுத்தருள்க.

யோசனை புதிதன்று. ருஷ்ய நாட்டு நிக்கோலஸ் யாக்ன் என்பவர், ஓடவும் குதிக்கவும் துணைசெய்யும் வில்பொருத்திய கருவி ஒன்றுக்கு 1890-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். உண்மையான பெருமுயற்சி என்றால், அது 1965-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி தொடங்கிய 'ஹார்டிமேன்' என்ற ராட்சதக் கவசந்தான். பணம் கொடுத்தவை தரைப்படையும் கப்பற்படையும். உள்ளே ஒரு மனிதன் நிற்பான். அவன் கையை அசைத்தால் இரும்புக் கை அசையும். 1,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 680 கிலோ பளுவைத் தூக்கும். உள்ளே இருப்பவனுக்கு அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் தெரியும். திட்டம் இப்படி. கவசத்தின் சொந்த எடையும் 1,500 பவுண்டு! சுமையைக் குறைக்க வந்த சட்டை சுமைக்குச் சமமான சுமை!

ஆறு ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஒரு கை வேலை செய்தது. அந்த ஒரு கையே 750 பவுண்டைத் தூக்கியும் காட்டியது. கால்களையும் கைகளையும் ஒன்றாக இயக்க முயன்றபோதுதான் வந்தது வினை. இரும்பு உடல் வெறிபிடித்தாற்போல் உதறிற்று, அடக்க முடியவில்லை. உள்ளே மனிதன் நின்றிருந்தால் கிழித்துப் போட்டிருக்கும். ஆகவே முழுக் கவசத்துக்கும் விசையூட்டிய நிலையில் ஒரு மனிதனைக்கூட அதற்குள் நிறுத்தாமலே 1971-ல் கடையைக் கட்டினார்கள்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தோற்றது பலம் இல்லாமல் அன்று. பலம் ஏராளமாக இருந்தது. இல்லாமற் போனது இசைவு. மனிதன் ஒன்று நினைக்கிறான், இரும்பு ஒரு கண்ணிமைப்பொழுது பிந்திச் செய்கிறது. பிந்தியதைச் சரிக்கட்ட மனிதன் மறுபடி இழுக்கிறான், இரும்பு அதையும் பெரிதாக்கித் திருப்பியடிக்கிறது. ஒரே நுகத்தடியில் கட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னே இழுக்க, மற்றொன்று பக்கவாட்டில் இழுத்தால் வண்டி எங்கே போய்ச் சேரும் என்பதை நம் கிராமத்துத் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1971-க்குப் பின் கணிப்பொறி வந்தது, மின்கலம் சிறுத்தது, மோட்டார் உள்ளங்கைக்குள் அடங்கிற்று. ஆயினும் ஹார்டிமேனைக் கவிழ்த்த அதே கேள்விதான் இன்றைக்கும் நடுநாயகமாக நிற்கிறது: இரும்பு மனிதனுக்கு இசைகிறதா? மனிதன் இரும்புக்கு இசையவேண்டியிருக்கிறதா?

முதலில் உடம்பைப் பார்ப்போம்.

மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு ஏன் போகிறது? கணக்கு மிகவும் எளிது. குனிந்து நீட்டிய கையில் இருக்கும் பளு முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் முன்னே இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னேதான் இருக்கிறது. கடப்பாரையின் நீண்ட முனையில் பாறாங்கல்லை வைத்துவிட்டு, குட்டை முனையை ஒருவன் அழுத்திப் பிடிப்பது போன்ற நிலைமை. கையிலே 20 கிலோ இருந்தால், தசை இழுக்கவேண்டியது தோராயமாக அதைப்போல் பத்து மடங்கு. அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் இடைத்தட்டுகளை நசுக்குகிறது. உடம்பின் சொந்தப் பாரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை!

கவசம் செய்வது என்ன? மார்பிலே ஒரு பட்டை, தொடையிலே ஒரு பட்டை, நடுவே வில். குனியும்போது வில் விறைத்து மார்பைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வில் முதுகெலும்பிலிருந்து தூரத்தில் நிற்பதால் அதன் நெம்புகோல் நீளம். ஆகவே சிறு விசையிலேயே தசையின் வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. இடைத்தட்டின் மேல் விழும் நசுக்கு குறைகிறது. இது உண்மை, ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்த உண்மை. இதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று.

ஆனால் பளு எங்கே போயிற்று? ஆவியாகிவிட்டதா? இல்லை. மார்புக்கும் தொடைக்கும் போயிற்று. தோளைத் தாங்கும் கவசமானால் இடுப்புக்குப் போயிற்று. ஊர் எல்லையில் நிற்கும் சுமைதாங்கிக் கல் சுமையை வாங்கி நிலத்துக்குக் கொடுத்துவிடும். தோளிலே மாட்டிய கவசமோ சுமையை வாங்கித் தொழிலாளியின் உடம்பிலேயே வேறொரு மூலையில் இறக்கிவைக்கிறது. எட்டு மணி நேரம் மார்பை அமுக்கும் பட்டை எப்படியிருக்கும்? வியர்வை வழியும் வேளையில் தோலை உரசும் வார் எப்படியிருக்கும்? பெண் தொழிலாளிக்கு அந்த மார்புப் பட்டை என்ன செய்யும்? ஆணுடம்பை அளவாக வைத்துச் செய்த சட்டையைப் பெண்ணுக்கு மாட்டிவிட்டு, "ஏனம்மா முகம் சுளிக்கிறாய்?" என்று கேட்கிறவர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம்.

மூட்டுகளின் கதை இன்னும் வேடிக்கை. இயந்திரத்தின் முழங்கால் கதவுக் கீலைப் போன்றது. ஒரே அச்சில் திரும்பும். மனிதனின் முழங்கால் கீலன்று. மடங்க மடங்க அதன் அச்சு இடம் நகர்ந்துகொண்டே போகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், ஒவ்வோர் அடிக்கும் பட்டை மேலேறி இறங்கும், தோலைச் சுரண்டும், மூட்டை ஒரு பக்கமாக நெருக்கும். உணர்ச்சியுள்ளவனுக்கு வலிக்கும், அவிழ்த்துவிடுவான். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவனுக்கு வலியே தெரியாது. புண் விழுந்த பிறகுதான் தெரியும். சில மில்லிமீட்டர் தவறு! அதற்குள் ஒரு மனிதனின் தோல் இருக்கிறது.

ஆலைக்குள் இது எப்படி வந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஃபோர்டு மோட்டார் கம்பெனி 2018 ஆகஸ்டில், 7 நாடுகளிலுள்ள 15 ஆலைகளுக்கு 75 கவசச் சட்டைகளைத் தருவதாக அறிவித்தது. தலைக்குமேலே கையைத் தூக்கி, காரின் அடிவயிற்றில் திருகாணி முடுக்குகிற தொழிலாளர்களுக்காக. சில வேலைகளில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 4,600 தடவை வரை கையைத் தூக்குகிறான் என்று அந்தக் கம்பெனியே கணக்குச் சொல்லிற்று. நாலாயிரத்து அறுநூறு! ஒரு கையின் எடை உடலின் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ ஆள் தன் ஒரு கையின் 3 கிலோவை, கருவியின் எடை தனியாக, அத்தனை தடவை உயர்த்துகிறான். சட்டையோ ஒவ்வொரு கைக்கும் 5 முதல் 15 பவுண்டு வரை தாங்குதல் தருகிறது. மோட்டார் கிடையாது, வில் மட்டுமே. முன்னோட்டம் அமெரிக்காவில் நடந்தபோது அங்குள்ள மோட்டார் தொழிலாளர் சங்கமும் அதில் பங்குகொண்டது. அதை நாம் பாராட்டுகிறோம். சங்கத்தைக் கேட்காமல் மாட்டிய சட்டையும் சங்கத்தோடு கலந்து மாட்டிய சட்டையும் ஒன்றல்ல.

இனி உள்ளத்துக்கு வருவோம். எழுத எழுதத் தீராத பகுதி இதுதான்.

மனித உடம்பு கஞ்சத்தனத்தில் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் சளைத்ததன்று. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். முழங்காலில் கவசத்தை மாட்டி, ஒருவர் வழக்கமாக நடக்கும் நடைக்கு மட்டும் அதிக எதிர்ப்புத் தரும்படி வைத்தார்கள். வேறு விதமாக அடிவைத்தால் செலவு குறையும் என்பதை ஒருமுறை உடம்புக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். வாழ்நாள் முழுதும் பழகிய நடையைச் சில நிமிடங்களில் உதறிவிட்டு, புதிய நடைக்கு மாறிற்று உடம்பு. மிச்சமான சக்தி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! அந்த அற்ப மிச்சத்துக்காக நடையையே மாற்றிக்கொள்கிறது. சோம்பேறி என்று தொழிலாளியைத் திட்டும் மேஸ்திரிகள் இதைப் படிக்கவேண்டும். அது சோம்பலன்று, உடம்பின் இயல்பான அறிவு.

அதே 2015-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் காலின்ஸும் உடனுழைத்தவர்களும் மோட்டாரோ மின்கலமோ இல்லாத, வில்லும் ஒரு பிடிப்பானும் மட்டுமே கொண்ட கணுக்கால் கருவியால் நடைச்செலவை நூற்றுக்கு 7 அளவுக்குக் குறைத்துக் காட்டினார்கள். வில்லை இன்னும் விறைப்பாக்கினால் இன்னும் நன்மை வரும் என்று நாம் நினைப்போம். வரவில்லை! ஓர் அளவைத் தாண்டியதும் நன்மை கரைந்து போயிற்று. உதவி அதிகமானால் உபகாரம் அதிகமாகும் என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை.

2017-ல் அதே பல்கலைக்கழகத்தார் இன்னொரு படி மேலே போனார்கள். மோட்டார் கவசத்தை மாட்டிக்கொண்டு ஒருவர் நடக்க, அவர் மூச்சை அளந்து, அவர் உடம்புக்கு எந்த நேரத்தில் எவ்வளவு விசை தந்தால் களைப்புக் குறைகிறதென்று இயந்திரமே தேடித் தேடிக் கற்றுக்கொண்டது. கருவி உதவியேதும் தராத நிலையோடு ஒப்பிட, சராசரியாக நூற்றுக்கு 24 சக்தி மிச்சம். வியப்புக்குரிய செய்தி இந்தத் தொகையன்று. ஒருவருக்குப் பொருந்திய விசை மற்றவருக்குப் பொருந்தவில்லை என்பதுதான். ஒருவர் நடை ஒருவர் நடையன்று. பின்னர் நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: கிடைத்த நன்மையில் ஏறத்தாழப் பாதி, கருவியோடு பழகிய பழக்கத்தால் வந்தது. முதல் நாள் மாட்டியவனுக்குக் கவசம் பாரம், பழகியவனுக்கே துணை.

இதை ஆலைக்குப் பெயர்த்துச் சொல்வோமா? பெட்டியிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் ஒரே அளவு என்று மாட்டிவிட்டு, அன்று காலையிலிருந்தே வேகத்தைக் கூட்டு என்று சொல்கிறவன், விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே விஞ்ஞானத்துக்கு எதிராக நடக்கிறான். பழகுவதற்கு நேரம் வேண்டும்; அந்த நேரத்துக்குச் சம்பளம் வேண்டும்; ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனியளவு வேண்டும். சலுகை கேட்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆய்வுக்கூடத்திலே அந்த நன்மை எப்படி வந்ததோ, அதே நிபந்தனைகளைத்தான் கேட்கிறோம்.

2021-ல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை நம் கவனத்தை மிகவும் இழுத்தது. ஆண்களும் பெண்களும் சரிபாதியாகப் பன்னிரண்டு பேர். கவசம் மாட்டியும் மாட்டாமலும், அரைமணி அரைமணி நேரம், கனமான பந்தைக் குனிந்து குனிந்து எடுத்தார்கள். சும்மா தூக்கும்போது கவசம் முதுகுக்குச் சிறிது உதவிற்று. பிறகு, தூக்கிக்கொண்டே மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். ஓர் எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகவேண்டும். என்ன ஆயிற்று? முதுகுக்குக் கிடைத்திருந்த உதவி ஓடிப்போயிற்று. மூளையில் ஓடும் இரத்தத்தை அளந்து பார்த்தபோது, கவசத்தோடு இசைந்து அசைவதற்கே மூளை தனியாகப் பாடுபடுவது தெரிந்தது. அந்த மூளையைக் கணக்கில் மாட்டிவிட்டதும், உடம்பு கவசத்தோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கிவிட்டது.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ஆலையிலே எந்தத் தொழிலாளி மனத்தில் ஒன்றுமில்லாமல் வேலை செய்கிறான்? எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று நினைவு வைக்கிறான். பின்னாலே வரும் வண்டிக்கு ஒதுங்குகிறான். மேஸ்திரியின் குரலுக்குக் காது கொடுக்கிறான். அடுத்த மாத வாடகையை நினைக்கிறான். குழந்தையின் காய்ச்சலை நினைக்கிறான். பதின்மூன்றைக் கழிப்பதைவிடக் கடினமான கழித்தற்கணக்கை மாதக் கடைசியில் தினமும் போடுகிறவன் அவன்! உடலுழைப்பு என்றால் தலைக்கு வேலையில்லை என்று எண்ணிக்கொண்டு செய்த கருவி, தலையுள்ள மனிதன்மேல் ஏறியதும் தடுமாறுகிறது. உழைப்பாளிக்கு மூளை உண்டு என்பதை இந்தச் சோதனை, தான் அறியாமலே, நிலைநாட்டிவிட்டது.

இவ்வளவும் எழுதியதால் நாம் கவசத்துக்குப் பகைவர் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். காலிழந்தவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில், மிஹாய்லோ பூப்பின் ஆய்வுக்கூடத்தில், மியோமிர் வுக்கோப்ராட்டோவிச் என்ற அறிஞர் இடுப்புக்குக் கீழ் செயலற்றவர்களுக்காக 1969-லிருந்து நடைக் கவசங்கள் செய்தார். ஜப்பானில் சுக்குபா பல்கலைக்கழகத்து யோஷியுக்கி சங்காய் இன்னொரு வழி கண்டார். நடக்கவேண்டும் என்று மூளை நினைத்ததும் தசைக்கு ஒரு மெல்லிய மின்குறிப்பு ஓடுகிறது. தசைக்கு அதை நிறைவேற்றத் தெம்பில்லாவிட்டாலும் தோலின்மேல் அந்தக் குறிப்பைப் பிடிக்கலாம். பிடித்து, கவசத்தின் மோட்டாரிடம் கொடுத்தால் கால் எழும்பும். நினைப்பவன் மனிதன், தூக்குவது இயந்திரம்! இந்தக் கவசத்தை 2015-ல் ஜப்பானிய அரசு, தசையை மெல்ல மெல்லத் தின்னும் சில நோய்களுக்கு மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது.

2014 ஜூன் 12-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் உலகக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது, கால் செயலிழந்த 29 வயது இளைஞர் ஒருவர் கவசமணிந்து பந்தை உதைத்தார். மூளையின் குறிப்பை வாங்கும் தொப்பி அவர் தலையில் இருந்தது. உலகத் தொலைக்காட்சி அதைக் காட்டியது சில நொடிகள்தான். பிறகு ஆடம்பர ஆட்டபாட்டத்துக்குப் போய்விட்டது. பெரிய செய்தி இரண்டாண்டு கழித்து வந்தது. மிகேல் நிக்கோலேலிஸ் தலைமையில் அங்கே ஓராண்டு பயிற்சி பெற்ற எட்டுப் பேருக்கும், செத்துவிட்டது என்று கைவிட்ட உடம்பின் பகுதிகளில் ஓரளவு உணர்ச்சி திரும்பிற்று. சிலர் சில தசைகளைத் தாமாகவே அசைக்கவும் செய்தார்கள். கவசம் ஒன்றினால் மட்டும் வந்ததன்று அது. பலவிதப் பயிற்சிகள் சேர்ந்து செய்த வேலை. ஆயினும், என் கால் அசைகிறது என்று மூளை மறுபடி நம்பத் தொடங்கியதும் நரம்புக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. இதைப் படித்தபோது நாம் கண்கலங்கினோம் என்று சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.

இதோடு இன்னொரு கதையும் உண்டு. அமித் காஃபர் என்ற இஸ்ரேலியப் பொறியியலாளர் 1997-ல் விபத்தில் கைகால் இரண்டும் பாதிக்கப்பட்டார். அவர் கண்டுபிடித்த நடைக் கவசம் 2014-ல் அமெரிக்காவில் வீட்டில் பயன்படுத்த அனுமதி பெற்றது. அதை அணிபவர் இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தவருக்கோ கையிலே பிடிப்பில்லை. ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்தும் கருவியைத் தந்தவர் அதை மாட்டிக்கொள்ள முடியாமல் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

முதுகுத்தண்டு முறிந்தவர்களையே கேட்டார்கள், 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில்: "எது முதலில் திரும்பவேண்டும்?" 681 பேர் பதில் சொன்னார்கள். கைகால் இரண்டும் இழந்தவர்கள் கையைத்தான் முதலில் கேட்டார்கள். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் திறனை இரு சாராருமே முக்கியமாகக் கேட்டார்கள். நடை அவ்வளவு முன்னே நிற்கவில்லை! நிற்பவர்கள் நினைக்கிறார்கள், உட்கார்ந்திருப்பவனுக்கு நடப்பது ஒன்றே கனவு என்று. சோறு தானே எடுத்து உண்ணவேண்டும், பிறர் துணையின்றிக் கழிவறைக்குப் போகவேண்டும் என்பது அவன் கனவு. அவன் வாயால் கேட்காமல் அவனுக்குக் கனவு காண நமக்கு உரிமையில்லை.

விலையையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு 2024-ல் ஒரு நடைக் கவசத்துக்கு நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர். அதே ஆண்டு அந்நாட்டில் ஒரு செய்தி வந்தது. பத்தாண்டாகக் கவசத்தால் நடந்துவந்த ஒருவருக்கு, அதை இயக்கும் கைக்கடிகாரத்தின் மின்கலக் கம்பியில் சிறு கோளாறு. செய்த கம்பெனி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட கருவியைப் பழுதுபார்ப்பதில்லை என்று கைவிரித்துவிட்டது. ஒரு துண்டுக் கம்பிக்காக மனிதன் மறுபடி நாற்காலிக்குப் போனான். ஊர் கூடிக் கூச்சல் போட்ட பின்தான் சரிசெய்து தந்தார்கள். கால் யாருடையது? நடக்கிறவனுடையதா, விற்றவனுடையதா? விற்ற பிறகும் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவனுக்குப் பெயர் வியாபாரியா, பண்ணையாரா?

ஆலைக் கவசத்திலும் இந்தக் கேள்வி உண்டு. மின்சாரத்தில் இயங்கும் சில முதுகுக் கவசங்கள், அணிந்தவன் எத்தனை தடவை குனிந்தான், எவ்வளவு தூக்கினான் என்று பதிந்து அனுப்புகின்றன. அவன் நலத்துக்காகத்தான் என்று சொல்லப்படுகிறது. இருக்கலாம். அந்தக் குறிப்பேடு யாருடைய மேசைக்குப் போகிறது என்று கேட்டு வைப்பதில் தவறில்லை. நேற்று ஆயிரம் தடவை குனிந்தவன் இன்று எண்ணூறுதான் குனிந்தான் என்று காட்டும் சட்டை, சட்டையா, சட்டைக்குள் ஒளிந்த கங்காணியா?

ஒரு வேடிக்கையான பொருத்தத்தைப் பாருங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஒரு மனிதனை 680 கிலோ தூக்கவைக்க இரும்புப் பூதத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1967-ல், ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் கூடி, தொழிலாளி சுமக்கும் பளு பற்றி 127-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யக்கூடிய பளுவை எந்தத் தொழிலாளியையும் சுமக்கச் சொல்லவோ, அவன் சுமக்க அனுமதிக்கவோ கூடாது என்பது அதன் சாரம். கூடவே வந்த பரிந்துரை, வயதுவந்த ஆண் சுமக்கும் பளுவை 55 கிலோவுக்குள் கொண்டுவரும்படி சொல்லிற்று. ஒரு பக்கம், பளு இருக்கட்டும், மனிதனைப் பெரிதாக்குவோம் என்றார்கள். மறுபக்கம், மனிதன் மனிதனாகவே இருக்கட்டும், பளுவைச் சிறிதாக்குவோம் என்றார்கள். இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இடிபாட்டுக்குள் போகும் தீயணைப்புக்காரனுக்கும், படுத்த நோயாளியைத் தூக்கும் செவிலிக்கும் பளுவைக் குறைத்துத் தர வழியில்லை. அவர்களுக்குக் கவசம் கொடுங்கள், இன்றைக்கே கொடுங்கள்.

மூட்டை தூக்குமிடத்தில் கேட்கவேண்டிய முறை வேறு. மூட்டையைச் சிறிதாக்க முடியுமா? பாரந்தூக்கி வைக்க முடியுமா? மேடையை இடுப்புயரத்துக்கு ஏற்ற முடியுமா? மூன்றுக்கும் முடியாது என்று ஆனபின் கவசத்தை எடுத்து வரட்டும். எடுத்து வரும்போது அதை மாட்டிக்கொள்ள மறுக்கும் உரிமையையும் எழுத்தில் கொண்டுவரட்டும். கவசம் வந்ததால் முதுகுவலி பத்து பங்கு குறைந்து, அன்றாட உற்பத்திக் கணக்கு இருபது பங்கு கூடினால், தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? வில்லின் உதவியை முதலாளி வாங்கிக்கொண்டான் என்றுதான் பொருள். ஆகவே, கவசம் வருகிற நாளில் வேலையளவு உயராது என்ற ஒப்பந்தமும் சேர்ந்தே வரவேண்டும்.

ஃபோர்டு தொழிலாளியின் 4,600 தடவைக்குத் திரும்பி வருவோம். அவன் ஏன் கையைத் தலைக்குமேல் தூக்குகிறான்? கார் அவன் தலைக்குமேல் தொங்குகிறது, அதனால் தூக்குகிறான். காரைத் தொங்கவிடும் கொக்கியையே சுழலும்படி அமைத்து, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் அடிவயிற்றை ஆளின் மார்புக்கு நேரே கொண்டுவரும் அமைப்பு மோட்டார் ஆலைகள் பலவற்றில் உண்டு. அங்கே தொழிலாளி நிமிர்ந்து நின்று, கண்ணுக்கு நேரே பார்த்துத் திருகாணி முடுக்குகிறான். சட்டை வேண்டியதில்லை, வில்லும் வேண்டியதில்லை. அப்படி அமைக்க ஆலையின் வரிசையையே பிரித்துக் கட்டவேண்டும்; செலவு பெரிது. சட்டையோ சில ஆயிரம் டாலரில் முடிந்துவிடுகிறது. சட்டையைக் கொண்டுவந்து காட்டும் மானேஜரிடம் நம் தோழர்கள் முதலில் கேட்கவேண்டியது சட்டையின் விலையையன்று. அந்தக் கொக்கியின் விலையை.